பழமையான மகிழுந்துகளில் மின்னணு இயந்திரக் கட்டுப்பாடு

பழமையான மகிழுந்தில் மின்னணு இயந்திரக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பொருத்துவது என்பது, கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்துவந்த வேலையைச் சிறு கணினியொன்றிடம் ஒப்படைப்பதாகும். எரிபொருளின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் இக்கணினி முடிவு செய்கிறது. அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகியோர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட் இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. வாங்குபவரே பாகங்களைச் சால்டரிங் செய்து சேர்க்கும் தொகுப்பாகவும் அது விற்கப்பட்டது.

எடுத்துக்காட்டு: எம்.ஜி.பி

பிரித்தானியாவில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி மகிழுந்தில் 1798 கன செ.மீ. கொள்ளளவுள்ள நான்கு உருளை இயந்திரம் இருந்தது. தொடக்கத்தில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் எரிபொருளை வழங்கின. காலப்போக்கில் கார்புரேட்டரின் ஊசியும், டிஸ்ட்ரிபியூட்டரின் எடைகளும் சுருள்வில்களும் தேய்வதால் கலவையும் தீப்பொறி நேரமும் பிசகுகின்றன. மாற்றத்துக்கு இதுவே முக்கியக் காரணம்.

உணரிகள்

வணரித்தண்டின் நிலையை அறியப் பற்சக்கரம் ஒன்று பொருத்தப்படுகிறது. பொதுவாக இதில் 36 பற்களுக்கான இடங்கள் இருக்கும். ஒரு பல் மட்டும் நீக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பல்லும் 10 பாகையைக் குறிக்கும். பல் இல்லாத இடம், சுழற்சியின் தொடக்கத்தைக் கணினிக்கு உணர்த்தும். உள்ளிழு குழாயின் அழுத்தம், காற்றின் வெப்பம், குளிர்நீரின் வெப்பம், திராட்டிலின் நிலை, புகைபோக்கியில் உள்ள ஆக்சிசன் ஆகியவற்றையும் உணரிகள் அளக்கின்றன.

எரிபொருள் வழி

பழைய பம்பு கார்புரேட்டருக்கு வேண்டிய குறைந்த அழுத்தத்தையே தரும். இன்செக்டர்களுக்குப் பெரும்பாலும் 3 பார் அழுத்தம் வேண்டும். எனவே புதிய மின்பம்பு, அழுத்தச் சீராக்கி, மிகுந்த எரிபொருள் தொட்டிக்குத் திரும்பும் குழாய் ஆகியவை தேவை. பழைய இரப்பர் குழாய்களை அப்படியே விடுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும். இயந்திரம் நின்றவுடன் பம்பும் நிற்குமாறு மின்னிணைப்பு அமைய வேண்டும்.

கலவை அட்டவணை

சுழற்சி வேகத்துக்கும் உள்ளிழு அழுத்தத்துக்கும் ஏற்ற எரிபொருள் அளவு அட்டவணையாகக் கணினியில் பதியப்படுகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு ஆற்றல் தேவைப்படும்போது கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருக்க வேண்டும்.

இரட்டைத் துளைச் சிக்கல்

எம்.ஜி.பி இயந்திரத்தில் 1, 2 ஆம் உருளைகளுக்கு ஓர் உள்ளிழு துளையும், 3, 4 ஆம் உருளைகளுக்கு மற்றொன்றும் உள்ளன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், ஒரே துளையைப் பகிரும் இரு உருளைகளும் அடுத்தடுத்துக் காற்றை இழுக்கின்றன. பிறகு நீண்ட இடைவெளி. இதனால் எரிபொருள் சமமாகப் பிரிவதில்லை. ஆக்சிசன் உணரி எல்லா உருளைகளின் சராசரியையே காட்டும். சராசரி சரியாக இருக்கும்போதே ஓர் உருளையில் எரிபொருள் குறைந்து, உந்துதண்டு சேதமடையலாம். தீப்பொறிச் செருகிகளைத் தனித்தனியே கழற்றி நிறத்தை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெரியும். இன்செக்டர் திறக்கும் நேரத்தை ஒவ்வோர் உருளைக்கும் ஏற்ப அமைப்பது ஒரு தீர்வாகும்.

முன்னெச்சரிக்கை

1967க்கு முந்தைய எம்.ஜி.பிகளில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்முனைக்கு மாற்றாமல் கணினியை இணைத்தால் அது பழுதாகும். கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து, உடலில் புதிய துளைகள் இடாமல் பொருத்தினால், வண்டியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும்.