குடும்ப வக்பு

குடும்ப வக்பு (வக்பு அலல் அவ்லாத்) என்பது இசுலாமியச் சட்டப்படி ஒருவர் தம் சொத்தை நிலையாக ஒதுக்கி, அதன் வருமானத்தைத் தம் பிள்ளைகளுக்கும் சந்ததியினருக்கும், வழித்தோன்றல்கள் அற்றுப்போனபின் ஏழைகளுக்கும் அறப்பணிகளுக்கும் சேருமாறு செய்யும் அறக்கட்டளை ஆகும். சொத்தை விற்கவோ, நன்கொடையாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கிட்டுக்கொள்ளவோ இயலாது. பயனாளிகளுக்கு உரியது வருமானம் மட்டுமே.

தோற்றம்

கலீபா உமர் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நபிகளின் அறிவுரைப்படி ஒதுக்கிய செய்தி நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. அதன் பயனாளிகளில் ஏழைகளோடு உறவினரும் இடம்பெற்றனர். நிலத்தை மேற்பார்ப்பவர் அதன் விளைச்சலிலிருந்து நியாயமான அளவு உண்ணலாம் என்றும் கூறப்பட்டது.

முத்தவல்லி

வக்பை நிருவகிப்பவர் முத்தவல்லி எனப்படுகிறார். இவர் சொத்தின் உரிமையாளர் அல்லர், மேலாளர் மட்டுமே. வக்பு செய்தவரே தம் வாழ்நாளில் இப்பொறுப்பை ஏற்கலாம். சமயச் சடங்குகளை நடத்தும் கடமை இணைந்திராத இடத்தில் பெண்களும் முத்தவல்லி ஆகலாம். வாடகை, குத்தகை வசூலித்தல், சொத்தைப் பழுதுபார்த்தல், வக்பு பத்திரத்தில் கூறியபடி வருமானத்தைப் பகிர்தல், கணக்கு வைத்தல் ஆகியன இவரது கடமைகள். நம்பிக்கை மோசடி செய்தால் பதவியிலிருந்து நீக்கப்படலாம்.

இந்தியாவில் சட்ட நிலை

1894-இல் வங்காளத்திலிருந்து சென்ற அபுல் பத்தா வழக்கில், குடும்பத்துக்கே முதன்மைப் பயன் தந்து, ஏழைகளுக்கான பங்கைத் தொலைதூர எதிர்காலத்துக்குத் தள்ளும் வக்பு செல்லாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. தம் குடும்பத்தைப் பேணுவதும் அறமே என்னும் இசுலாமியக் கருத்துக்கு இது முரணாக இருந்ததால் முசுலிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. முகமது அலி ஜின்னா கொண்டுவந்த சட்ட முன்வரைவு 1913-இல் சட்டமாகி, இறுதிப் பயன் அறப்பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் இத்தகைய வக்புகள் செல்லும் என்றது. 1913-க்கு முன் ஏற்படுத்தப்பட்டவற்றுக்கும் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நீட்டித்தது.

சிக்கல்கள்

இசுலாமிய வாரிசுரிமைச் சட்டம் மகள், மனைவி உள்ளிட்டோருக்கு நிலையான பங்குகளை வகுத்துள்ளது. ஆண் வழியினருக்கு மட்டும் பயன் தரும் வக்பு, பெண்கள் பின்னாளில் பெறக்கூடிய அப்பங்கை இல்லாமலாக்கக்கூடும். மரணப் படுக்கையில் செய்யப்படும் வக்பு, வாரிசுகளின் இசைவின்றி, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது என்பது ஒரு தடுப்பு. உடல்நலத்தோடு இருக்கும்போது செய்யப்படும் வக்புக்கு இந்த வரம்பு இல்லை. 2025-ஆம் ஆண்டு வக்பு திருத்தச் சட்டம், குடும்ப வக்பு பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையை மறுப்பதாக அமையக்கூடாது என வெளிப்படையாகக் கூறுகிறது.

தலைமுறைகள் பெருகும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வருமானம் சிறுத்து, சொத்தைப் பராமரிக்கும் அக்கறையும் குறைவது மற்றொரு சிக்கல். சிரியா 1949-இலும் எகிப்து 1952-இலும் குடும்ப வக்பை ஒழித்தன. இந்தியாவில் அது தொடர்கிறது.