ஏப்ரல் 5-க்கு முன்னால் போடுங்கள்

அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள். திருப்பூரில் சொந்தமாக நாலு தையல் மெஷின் போட்டு உழைப்பவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், வீட்டில் டியூஷன் எடுக்கும் ஆசிரியைக்கும் அறுபது வயதுக்கு மேல் தானாக எதுவும் வராது. இவர்களும் சேமிக்கத்தான் 1968-ல் மத்திய அரசு பொது வருங்கால வைப்பு நிதியைக் கொண்டுவந்தது. மக்கள் வாயில் அது பிபிஎஃப்.

தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஆளுக்கு ஒரே கணக்குதான். கூட்டுக் கணக்கு கிடையாது. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். ஒரு காலத்தில் 12 சதவீதம் வட்டி தந்த கணக்கு இது. 2020 ஏப்ரலில் அது 7.1 ஆகக் குறைந்தது.

7.1 என்றால் உதட்டைப் பிதுக்குபவர்கள் வரியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 7 சதவீத வட்டிக்கு வங்கி டெபாசிட் போட்டால், வரி போகக் கையில் நிற்பது 4.9 சதவீதம்தான். பிபிஎஃப் வட்டிக்கு வரி இல்லை. முதிர்வுத் தொகைக்கும் இல்லை. பழைய வரிமுறையில் இருப்பவருக்குப் போட்ட பணத்துக்கும் வருமான வரிக் கழிவு உண்டு. புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை என்பதால் இளைஞர்கள் பலர் கணக்கையே ஒதுக்கிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. வட்டிக்கான விலக்கு புதிய முறையிலும் அப்படியே இருக்கிறது.

வட்டி கணக்கிடும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதத்தின் 5-ம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை எது குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஒன்றரை லட்சத்தை ஏப்ரல் 5-க்குப் பதில் 6-ம் தேதி போட்டால் 887 ரூபாய் போச்சு. வரிக் கணக்குக்காக மார்ச் கடைசியில் ஓடிப்போய்க் கட்டுபவர் ஏறக்குறைய ஓராண்டு வட்டியையே இழக்கிறார். ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் 60,000 ரூபாய் போட்டுவந்தால், வட்டி 7.1-லேயே நின்றால், 15 ஆண்டுகளில் கட்டிய 9 லட்சம் சுமார் 16.27 லட்சமாகும்.

பதினைந்து ஆண்டுப் பூட்டைக் கண்டுதான் பலர் தயங்குகிறார்கள். பூட்டு முழுதாக இறுகியதல்ல. மூன்றாம் நிதியாண்டிலிருந்து கடன் வாங்கலாம். ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறொன்று: வியாபாரம் நொடித்து, கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டாலும், இந்தப் பணத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது.

முதிர்ந்ததும் மொத்தத்தையும் எடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியே விட்டால் வட்டி வளரும், ஆண்டுக்கு ஒருமுறை தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓய்வுக்காலத்துக்கு இது மிகப் பொருத்தம். தொடர்ந்து பணமும் போட வேண்டுமானால், முதிர்ந்த ஓராண்டுக்குள் படிவம் கொடுத்து ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்க வேண்டும்.

எப்போதோ தொடங்கிக் கட்டாமல் விட்ட பாஸ்புக் பீரோவில் கிடந்தால், 15 ஆண்டு முடிவதற்குள் எடுத்துக்கொண்டு போங்கள். விட்டுப்போன ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் கட்டினால் கணக்கு உயிர்பெறும். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.