நடுநிலை எனும் தராசு: இரண்டாம் உலகப்போரில் துருக்கி

போரிடும் இரு தரப்பினருக்கு நடுவே எப்பக்கமும் சாராது நிற்போரை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் வினா இஸ்லாமியச் சிந்தனைக்குப் புதியதன்று. போரிடாது ஒதுங்கிச் சமாதானத்தை முன்வைப்போருக்கு எதிராகச் செல்ல வழியில்லை என்னும் கருத்தை அன்னிஸா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் தருகிறது. நடுநிலை நாட்டின் மண் மீறப்படலாகாது என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் விதித்தது. ஆயினும் விதி ஒன்றாகவும் வல்லரசுகளின் நடைமுறை வேறொன்றாகவுமே இருந்து வந்துள்ளன. 1914இல் பெல்ஜியத்தையும், 1940இல் டென்மார்க், நார்வே, நெதர்லாந்து ஆகிய நாடுகளையும் அவற்றின் நடுநிலை காப்பாற்றவில்லை. அவ்வாறிருக்க, போரால் சூழப்பட்டிருந்த துருக்கி மட்டும் 1939 முதல் 1945 வரை படையெடுப்புக்கு உள்ளாகாமல் தப்பியது எவ்வாறு?

இதற்கு விடை காண, முதல் உலகப்போரிலிருந்து தொடங்க வேண்டும். உஸ்மானியப் பேரரசு 1914 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஜெர்மனியுடன் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது. அக்டோபர் 29ஆம் நாள் அதன் கடற்படை ரஷ்யத் துறைமுகங்களைத் தாக்கியது. நான்கே ஆண்டுகளில் பேரரசு சிதறியது; 1924இல் கிலாஃபத்தும் ஒழிக்கப்பட்டது. அவ்விழப்பின் அதிர்வு கிலாஃபத் இயக்கமாக நம் முன்னோரின் வாழ்விலும் எதிரொலித்தது. 1938இல் துருக்கியின் குடியரசுத் தலைவரான இஸ்மத் இனோனு, அந்தப் போரில் காக்கசஸ், பாலஸ்தீனப் போர்முனைகளில் படை நடத்தியவர். அவசரத்தில் எடுத்த ஒரு முடிவு ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை அவர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர்.

துருக்கியின் நடுநிலை யாருடனும் உடன்படிக்கை செய்யாத நடுநிலை அன்று என்பதை நாம் முதலில் கவனிக்க வேண்டும். 1939 அக்டோபர் 19ஆம் நாள் அது பிரிட்டனுடனும் பிரான்சுடனும் பரஸ்பர உதவி உடன்படிக்கை செய்துகொண்டது. ஆனால், சோவியத் ஒன்றியத்துடன் போருக்கு இட்டுச் செல்லும் எக்கடமையும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்ற விதிவிலக்கையும் அதில் சேர்த்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியபோது இவ்விதிவிலக்கைக் காட்டியே துருக்கி விலகி நின்றது. 1941இல் ஜெர்மானியப் படைகள் பல்கேரியாவுக்குள்ளும் கிரேக்கத்துக்குள்ளும் நுழைந்து துருக்கியின் வாயிலை எட்டின. அதே ஆண்டு ஜூன் 18ஆம் நாள் துருக்கி ஜெர்மனியுடனும் நட்புறவு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. நான்கே நாட்களில் ஹிட்லரின் படைகள் சோவியத் ஒன்றியத்தின் மீது பாய்ந்தன. இருவேறு பகைவருடன் ஒரே வேளையில் உடன்படிக்கை வைத்திருந்த அரிய நிலை துருக்கியுடையது.

எனினும் ஏட்டில் எழுதிய உடன்படிக்கைகளே அதைக் காத்தன என்று கருதுவது பிழையாகும். அண்டை நாடான ஈரானின் கதை இதைத் தெளிவாக்கும். ஈரானும் 1939இல் தன் நடுநிலையை அறிவித்திருந்தது. பிரிட்டனுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான பழைய போட்டியே அதற்கு மறைமுகக் காவலாக இருந்தது. 1941 ஜூன் 22ஆம் நாளுக்குப் பின் அவ்விருவரும் நேசர்களாயினர். காவல் ஒரே இரவில் கலைந்தது. பாரசீக வளைகுடாவைக் காஸ்பியன் கடலுடன் இணைக்கும் இரயில் பாதை, சோவியத்துக்குத் தளவாடம் அனுப்ப இருவருக்கும் தேவைப்பட்டது. எண்ணெய் வயல்களும் அவர்தம் கணக்கில் இருந்தன. ஈரானில் தங்கியிருந்த ஜெர்மானியரைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 25ஆம் நாள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் படைகள் புகுந்தன. சில நாட்களிலேயே எதிர்ப்பு அடங்கியது. செப்டம்பர் 16ஆம் நாள் ரிஸா ஷா முடிதுறந்தார். அதே ஆகஸ்ட் 10ஆம் நாள்தான், துருக்கியின் எல்லைகளை மதிப்போம் என்று இவ்விரு வல்லரசுகளும் அங்காராவுக்கு உறுதியளித்திருந்தன. ஒரே மாதத்தில், ஒரே கைகள், இரு அண்டை நாடுகளை இருவேறு விதமாக நடத்தின.

இந்த வேறுபாட்டின் காரணங்களை நாம் மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, போட்டியின் சமநிலை. துருக்கியின் மேற்கே ஜெர்மனி, வடகிழக்கே சோவியத் ஒன்றியம், தெற்கே பிரிட்டன் என மூன்று ஆற்றல்கள் நின்றன. நீரிணைகள் எதிரியின் கையில் விழுவதைவிடத் துருக்கியிடமே இருப்பது மேல் என்பது ஒவ்வொன்றின் கணக்காகவும் இருந்தது. 1936ஆம் ஆண்டின் மொந்த்ரோ உடன்படிக்கை, துருக்கி நடுநிலை வகிக்கும் காலத்தில் போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்குப் பொதுவாக அவ்வழியை மூடியது. அந்தப் பூட்டின் சாவி துருக்கியிடம் இருந்தது.

இரண்டாவது, ஆக்கிரமிப்பின் விலை. துருக்கிப் படையின் ஆயுதங்கள் பழையவை. ஆயின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அணிதிரட்டப்பட்டிருந்தனர். சாலைகளும் இரயில் பாதைகளும் அரிதான அனத்தோலிய மலைநாட்டில் அத்தகைய படையை வெல்வது எளிதன்று. வென்றாலும் கிடைப்பது செலவுக்கு ஈடாகுமா என்னும் ஐயத்தைப் பகைவர் மனத்தில் விதைத்ததே அப்படையின் பெரும்பணி எனலாம்.

மூன்றாவது, பண்டமும் காலமும். எஃகைக் கடினமாக்கும் குரோமியத் தாது இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் அதைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் விற்க ஒப்பந்தம் செய்த துருக்கி, 1941 அக்டோபரில் ஆயுதங்களுக்கு ஈடாக ஜெர்மனிக்கும் தர இசைந்தது. 1944 ஏப்ரலில், ஜெர்மனியின் தோல்வி உறுதியான வேளையில், நேச நாடுகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஜெர்மனிக்கான ஏற்றுமதியை நிறுத்தியது. போரில் இறங்குமாறு 1943 ஜனவரி இறுதியில் அதானாவில் சர்ச்சிலும், அதே ஆண்டு டிசம்பரில் கெய்ரோவில் அவருடன் ரூஸ்வெல்ட்டும் இனோனுவிடம் வலியுறுத்தினர். அவர் மறுக்கவில்லை, முதலில் போதிய ஆயுதம் வேண்டும் என்றார். அதற்கான பேச்சு நீண்டது, காலம் நகர்ந்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கும் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இடம்பெறும் பொருட்டே 1945 பிப்ரவரி 23ஆம் நாள் துருக்கி போரை அறிவித்தது.

இவ்வெற்றியைப் பாராட்டும் நாம் அதற்குக் கொடுத்த விலையையும் மறைத்தல் ஆகாது. பெரும்படையைப் பராமரித்த செலவு மக்கள் மீது விழுந்தது; ரொட்டி பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. 1942 நவம்பரில் கொண்டுவரப்பட்ட செல்வ வரி, ஏட்டில் அனைவருக்கும் பொதுவாயினும், நடைமுறையில் கிரேக்கர், ஆர்மீனியர், யூதர் ஆகிய சிறுபான்மையினர் மீது பன்மடங்காக விதிக்கப்பட்டது. செலுத்த இயலாதோர் கடைகளையும் வீடுகளையும் இழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அஷ்காலே போன்ற உழைப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் அங்கேயே மாண்டனர். 1944 மார்ச்சில் அவ்வரி நீக்கப்பட்டபோது, இழந்தவர் வாழ்வு மீளவில்லை.

யூத அகதிகளை ஏற்றி வந்த ஸ்த்ரூமா என்னும் கப்பலின் முடிவும் இக்கணக்கில் சேர வேண்டியதே. பாலஸ்தீனம் செல்ல பிரிட்டன் அனுமதிக்கவில்லை. கரையிறங்கத் துருக்கி விடவில்லை. இயந்திரம் பழுதான நிலையில் அது கருங்கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது. 1942 பிப்ரவரி 24ஆம் நாள் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் மூழ்கி, எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; உயிர் தப்பியவர் ஒருவரே.

நடுநிலை என்பது ஒருமுறை அறிவித்துவிட்டு உறங்கும் நிலை அன்று. நாள்தோறும் எடை பார்த்துப் பிடிக்க வேண்டிய தராசு அது. தன்னைத் தாக்குவதைவிடத் தன்னை விட்டுவைப்பதே இலாபம் என்று ஒவ்வொரு வலியவனும் எண்ணும் வரையே அது நிலைக்கும். துருக்கி இதைத் திறம்படச் செய்து பல இலட்சம் உயிர்களைக் காத்தது. உஸ்மானியர் 1914இல் இழைத்த தவற்றை மீண்டும் இழைக்கவில்லை. ஆனால், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமைகூட நீதியிலிருந்து பிறழக் காரணமாகலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் புகட்டும் நெறி. பகைவரே அல்லாத தன் குடிமக்கள் மீது சுமையைச் சாய்த்தபோது துருக்கி அந்நெறியிலிருந்து விலகியது. எல்லையில் தராசைச் சமமாகப் பிடிக்கக் கற்ற அரசு, வீட்டுக்குள்ளும் அதைச் சமமாகப் பிடித்திருக்குமாயின் அதன் வெற்றி முழுமை பெற்றிருக்கும்.