உஷார்! வெடித்த டேர்போ என்ஜினை மலிவாகக் கட்டப் போகிறீர்களா?

நில்லுங்கள் தம்பிமாரே! உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறும் முன் இதை வாசியுங்கள்.

அம்மாமாரே, நீங்களும் வாசியுங்கள். லயத்துக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறதா? அடுத்து அடகுக் கடைக்குப் போகப்போவது உங்கள் கழுத்தில் கிடப்பதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். வரியெல்லாம் சேர்த்தால் புதுக் கார் இன்னும் எட்டாத உயரத்தில்தான். அதனால் 1990களின் ஜப்பான் டேர்போ கார்களுக்கு இன்னும் கிராக்கி. இரத்தினபுரியில் நல்ல மாணிக்கக் கல் கிடைத்தவனும் வாங்குகிறான், கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளையும் கடன்பட்டு வாங்குகிறான். ஸ்டார்லட் டேர்போவைப் பாருங்கள். என்ஜின் 1.3 லீற்றர்தான், வலுவோ 135 குதிரை. வயது முப்பது அளவில். அப்படிப்பட்ட என்ஜின் வெடிப்பதில் அதிசயம் இல்லை. வெடித்த பிறகு நாம் செய்வதுதான் ஆபத்து.

பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சேர்த்த காசில் டேர்போ கார் ஒன்றை எடுத்தான். ஹல்துமுல்லை ஏற்றத்தில் முழு வேகத்தில் மிதித்தபோது கீழிருந்து டக் டக் என்று சத்தம். பின்னால் நீலப் புகை. அத்தோடு என்ஜின் நின்றது.

பெரிய கராஜில் சொன்ன தொகையைக் கேட்டு வீடே பயந்தது. தெரிந்த பாஸ் ஒருவர், "பாதி காசுக்கு நான் செய்து தாறன்" என்றார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. பழைய கிராங்க், பழைய பிஸ்டன், புதுப் பெயரிங். என்ஜின் ஸ்டார்ட் ஆனது. சந்தோஷத்தில் எல்லாருக்கும் தேநீர்கூடக் கொடுத்தார்கள்.

இரண்டே கிழமை. மறுபடி அதே டக் டக்.

என்ன நடந்தது? முதல் தடவை பெயரிங் அரைபட்டபோது உலோகத் தூள் ஒயிலோடு எல்லா இடத்துக்கும் ஓடியிருக்கிறது. ஒயில் கூலருக்குள், டேர்போவுக்குப் போகும் மெல்லிய குழாய்க்குள். அவற்றை யாரும் கழற்றவே இல்லை. புதுப் பெயரிங்குக்குப் போன முதல் ஒயிலே அந்தத் தூளையும் சுமந்துகொண்டுதான் போனது. கடைசியில் சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. 2024 செப்டெம்பரில் கூட்டியபோதுகூட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாகத்தான் இருந்தது. அந்தச் சங்கிலியை மீண்டும் வாங்க அந்தத் தாய் எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும்? கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் வெடித்தது என்று தெரியாமல் ஒரு நட்டுக்கூட வாங்காதீர்கள்!

டேர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். புகை வரும் பக்கத்தில் சூடு 800 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் வேகத்திலும் தண்டைத் தாங்கிப் பிடிப்பது ஒயில் படலம் மட்டும்தான். ஒயில் சில விநாடி தடைப்பட்டாலே போதும், கதை முடிந்தது.

பெற்றோலும் காரணமாகலாம். இந்தக் கார்கள் ஜப்பானில் 100க்கு நெருங்கிய ஒக்டேன் பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டவை. நம் பெற்றோல் செட்டில் வழக்கமாகக் கிடைப்பது 92, 95. 92ஐ அடித்துவிட்டு, டேர்போ தள்ளும் காற்றழுத்தமான பூஸ்டையும் கூட்டினால், சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்து பிஸ்டன் தலையில் ஓட்டை விழலாம். புதுப் பிஸ்டன் போட்டுவிட்டுப் பழையபடியே ஓட்டினால் மறுபடியும் ஓட்டைதான்.

இனி, செக்கன்ட்ஹேண்ட் என்ஜின். இரத்தினபுரியில் டோர்ச்சும் வில்லையும் இல்லாமல் யாராவது கல் வாங்குகிறார்களா? சாக்கில் சுற்றிய என்ஜினை மட்டும் ஏன் வாய்ப்பேச்சை நம்பி வாங்குகிறோம்? 2003 மேயிலும் 2017 மேயிலும் களு கங்கை பெருகி இரத்தினபுரி மூழ்கியது நினைவிருக்கிறதா? வெள்ளத்தில் கிடந்த என்ஜினையும் கழுவித் துடைத்து விற்கலாம். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறமா? உள்ளே சேறா, துருவா? விட்டுவிட்டு வாருங்கள்.

காரில் இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஓரம் கட்டுங்கள்:

1. கொஞ்ச நேரம் நின்று புறப்படும்போது நீலப் புகை.
2. பூஸ்ட் ஏறும்போது முன்பு இல்லாத ஊளைச் சத்தம்.
3. வெளியே ஒழுக்கு இல்லை, ஆனால் ஒயில் மட்டம் இறங்குகிறது.
4. ஒயில் பில்டரை வெட்டிப் பார்த்தால் பளபளக்கும் தூள்.
5. ஒயில் லைட் ஒரு விநாடி மின்னி அணைகிறது. "வயர் கோளாறு" என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள்!

கராஜில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சாவியைத் திரும்ப வாங்குங்கள்:

1. மைக்ரோமீட்டர் இல்லை. "கையால் பிடித்தாலே தெரியும்" என்கிறார். பெயரிங் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். எந்தக் கைக்கும் அது தெரியாது.
2. லேத் கடைக்கு அனுப்பாமல் எமரித் தாளால் சிலிண்டரைத் தேய்க்கிறார்.
3. "உடைந்த ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார்.
4. சம்பில் சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுகிறார். உள்ளே பிதுங்கிய துண்டு ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.
5. ஒயில் கூலர் என்றதும் "பெற்றோலால் கழுவலாம்" என்கிறார். அதன் நுண்ணிய பாதைகளில் தங்கிய தூள் எளிதில் வெளியேறாது. மாற்றத்தான் வேண்டும்.

காசை விடுங்கள், உயிரைப் பாருங்கள்!

பலா மரக் கிளையில் செயின் புளொக் கட்டி என்ஜின் தூக்குகிறீர்களே, கிளை முறிந்தால் கீழே நிற்பவன் கதி என்ன? ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். மழையில் ஊறிய தோட்டத்து மண்ணில் ஜாக் சரியும். ஸ்டாண்ட் வையுங்கள், கீழே பலகை போடுங்கள். சூடான டேர்போ மேல் ஒயில் ஒழுகினால் தீப்பிடிக்கும். புலுத்தோட்டை வளைவுகளில் இறங்கும்போது என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகும். இரண்டொரு மிதிக்குப் பிறகு பிரேக்கும் இறுகும். பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள், நினைவிருக்கட்டும்.

வேறு என்ஜின் போட்டால் என்ஜின் இலக்கமும் மாறும். அதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் விற்கும்போது சிக்கல், விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல். என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வாங்குங்கள்.

அப்படியானால் எதில் மிச்சம் பிடிக்கலாம்? ஒல்டர்னேட்டர், பிராக்கெட், மேனிபோல்ட் எல்லாம் பழையது வாங்கலாம். என்ஜினைக் கழற்றுவதையும் துப்புரவு செய்வதையும் நீங்களே செய்யலாம். பெயரிங், ரிங், கேஸ்கட், ஒயில் பம்ப், ஹெட் போல்ட், டேர்போ ஒயில் குழாய், லேத் வேலை ஆகிய ஏழிலும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கட்டி முடித்த பிறகு முதல் 1000 கிலோமீற்றருக்குப் பூஸ்டை ஏற்றாதீர்கள். அதற்கு முன்பே ஒயிலையும் பில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள்.

முற்பணம் கொடுக்கும் முன் பாஸிடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்றில் என்ஜின் வெடித்த காரணம். மற்றதில் கிராங்கையும் சிலிண்டரையும் அளந்த அளவுகள். தர மறுத்தால் வேறு பாஸைத் தேடுங்கள். காசு போதாவிட்டால் பிரித்த பாகங்களுக்கு ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டுச் சேருங்கள், அல்லது காரை இருக்கிறபடியே விற்றுவிடுங்கள். மேலே சொன்ன ஏழில் ஒன்று குறைந்தாலும் என்ஜினை மூடாதீர்கள்!