கைப்பேசியும் கோபுரமும் பேசிக்கொள்வது என்ன?

பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எங்கோ தொலைவிலுள்ள நண்பர் உங்கள் எண்ணை அழுத்துகிறார். சில வினாடிகளில் உங்கள் சட்டைப் பையில் மணி ஒலிக்கிறது. நாடெங்கும் இத்தனை கோபுரங்கள் இருக்க, உங்களுக்கு அருகிலுள்ள கோபுரத்தை அந்த அழைப்பு எப்படித் தேடிப் பிடித்தது?

பழைய தொலைபேசியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இணைப்பகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு ஜோடி செப்புக் கம்பி வந்தது. கம்பி முடியும் இடத்தில் தொலைபேசி இருந்தது. கைப்பேசிக்குக் கம்பி இல்லை. ஆகவே, தான் இருக்கும் வட்டாரத்தை அதுவே அவ்வப்போது கோபுரத்திற்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரோடும் பேசாதபோதும் இது நடைபெறுகிறது. அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்துக் கோபுரங்கள் உங்கள் கைப்பேசியைக் கூவி அழைக்கின்றன. அது பதில் கொடுத்ததும் மணி அடிக்கிறது.

தொலைவும் தெரிந்துவிடுகிறது. 2ஜி முறையில் கைப்பேசிகள் முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பேசுகின்றன. தள்ளியிருக்கும் கைப்பேசி சற்று முன்னதாகவே அனுப்பினால்தான் அதன் முறை தவறாது. எத்தனை பிட் முன்னதாக என்பதைக் கோபுரம் கட்டளையிடும். ஒரு பிட்டின் நேரம் 3.69 மைக்ரோ வினாடி. அந்நேரத்தில் ரேடியோ அலை சுமார் 1,100 மீட்டர் செல்லும். போகவும் வரவும் என்பதால் பாதியாக்குங்கள்: 550 மீட்டர். கட்டளை ‘4’ என்றால் நீங்கள் ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள்! இதை யாரும் வேவு பார்ப்பதற்காக அமைக்கவில்லை. சைகைகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க அமைத்தார்கள்.

அடுத்தது அடையாளம். சிம் அட்டையில் வழக்கமாக 15 இலக்க எண் ஒன்று உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. கூடவே ஓர் இரகசியத் திறவுகோலும் இருக்கிறது. 2ஜி கோபுரம் ஓர் எண்ணை அனுப்ப, சிம் அத்திறவுகோலைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். விடை சரியானால் சிம் உண்மையானது. கோபுரம் உண்மையானதா என்று கைப்பேசி சோதிக்கத்தான் வழியில்லை. இந்த ஓட்டையில்தான் போலிக் கோபுரக் கருவிகள் நுழைந்தன. 3ஜியில் இரு தரப்பும் ஒன்றையொன்று சோதித்தன. ஆனாலும் 4ஜி வரை, அந்தச் சோதனைக்கு முன்பே கோபுரம் எண்ணைக் கேட்டால் கைப்பேசி வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

2018-இல் வந்த 5ஜி தரவரையறை இதற்கு வழி கண்டது. நாடு, நிறுவனம் ஆகியவற்றின் இலக்கங்கள் தவிர மற்றவை மறைகுறியாக்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வடிவில் போகும். ஆயினும் இதை இயக்குவது நிறுவனத்தின் விருப்பம். 4ஜியின் மையக் கருவிகள் மேல் ஏற்றிக் கட்டிய 5ஜியில் இவ்வசதி கிடையாது. போலிக் கோபுரத்துக்கு அஞ்சுவோர் பல ஆண்டிராய்டு கைப்பேசிகளில் 2ஜியை அணைத்து வைக்கலாம். 2ஜி மட்டுமே எட்டும் ஊரில் அப்புறம் அவசர அழைப்பு தவிர வேறு பேச்சு இராது.

காற்றில் ஒட்டுக்கேட்பவரிடம் மறைக்கலாம். நிறுவனத்திடம் மறைத்தால் மணியே அடிக்காது. அந்நிறுவனம் எவ்வளவு எழுதி வைக்கிறது? ஜெர்மானிய அரசியல்வாதி மால்ட்டே ஷ்பிட்ஸ் தம் நிறுவனத்திடம் போராடித் தம் ஆறு மாதப் பதிவுகளைப் பெற்றார். 35,830 வரிகள்! 2011-இல் ‘டி சைட்’ இதழின் இணையதளம் அவற்றை வரைபடத்தில் ஓடவிட்டபோது, அவர் இரயிலில் சென்றதும் வீட்டிலிருந்ததும் நாள்தோறும் தெரிந்தன. அப்பதிவுகளைக் கட்டாயமாக்கிய சட்டத்தை 2010 மார்ச்சிலேயே அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாதென்றது. அமெரிக்காவில் ஒருவரின் 127 நாள் பதிவுகளைக் காவலர்கள் பெற்ற வழக்கில், பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்றனர். 2021 டிசம்பரில் அழைப்புப் பதிவுகளைக் காக்க வேண்டிய காலம் ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தப்பட்டது. மணி அடிக்க நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது போதும். கட்டணத் தகராறுக்குச் சில மாதப் பதிவு தேவைப்படலாம். எஞ்சிய மாதங்கள் விசாரணைக்காக. கோபுரப் பதிவால் துலங்கிய குற்றங்கள் உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டில் குற்றம் ஏதும் செய்யாதவர்களின் வரிகளே மிகப் பெரும்பாலானவை.