சுத்தியல் எதற்கு, சூடு இருக்கையில்?

திருவதிகையில் புல்லட் எஞ்சினைப் பிரித்தாலும் சரி, வேறெங்கு பிரித்தாலும் சரி, புது பேரிங்கைக் கண்டதும் கை சுத்தியலைத்தான் தேடும். ஏன் கூடாது?

பேரிங் உட்காரும் குழி அதைவிட மயிரிழை சிறியது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. குழி இருக்கும் எஞ்சின் கூடு அலுமினியம்; அதுவோ சூட்டில் பேரிங்கின் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 62 மி.மீ. குழியின் வெப்பத்தை 80 டிகிரி செல்சியஸ் கூட்டினால் 0.11 மி.மீ. அகலும், பேரிங் தானாக இறங்கும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் போடுவார்களே, அதே வித்தை!

தள்ளியே ஆகவேண்டுமென்றால், குழிக்குள் இறக்க வெளிவளையத்தைத் தள்ளணும்; தண்டில் ஏற்ற உள்வளையத்தை. மாற்றித் தட்டினால் அடி குண்டுகள் வழியே பாய்ந்து, அவை ஓடும் தடத்தில் நுண்பள்ளம் விழும். அப்புறம் நெய்வேலிச் சாலை முழுக்க ஊளைதான்.