படகு உங்களுடையதானால் அடித்தண்ணீரும் உங்களுடையதே

“பம் பழுதாப் போச்சுதாம், புதுசு வாங்க வேணுமாம். காசு குடுக்கிறது நான்தான். ஆனா அது படகில எங்க இருக்கெண்டுகூட எனக்குத் தெரியாது தங்கச்சி.”

மயிலிட்டித் துறைமுகத்தில் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். 1990ஆம் ஆண்டு இவ்வூரை விட்டு இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. 2009ஆம் ஆண்டு கணவரை இழந்தார். 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னர், தம்பி அனுப்பிய பணத்தோடும் கடனோடும் பழைய உள்ளிணைப்பு இயந்திரப் படகொன்றை வாங்கினார். மூன்று தொழிலாளர்கள் கடலுக்குப் போகிறார்கள். செலவு கழித்துப் பங்கு பிரிப்பார்கள். ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையும் “பம்பிக்குக் காசு” என்று கணக்கில் வந்தபோது அவருக்குச் சந்தேகம் பிறந்தது. தன்னை ஏமாற்றுகிறார்களோ?

சகோதரிகளே, இது அவருடைய பிரச்சினை மட்டுமல்ல. படகும் உழவு இயந்திரமும் எங்கள் பெயரில் இருக்கும். அவற்றைப் பற்றிய அறிவு மட்டும் வேறொருவரிடம் இருக்கும். கேட்கக் கூச்சப்படுகிறோம், பிறகு சந்தேகப்படுகிறோம்.

அடித்தண்ணீர் ஏன் வருகிறது?

இயந்திரத்திலிருந்து காற்றாடிக்குப் போகும் தண்டு, படகின் உடலைத் துளைத்தே வெளியே செல்கிறது. அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் கசியும். அலையும் மழையும் உள்ளே தெறிக்கும். வலையிலிருந்தும் வடியும். இவையெல்லாம் படகின் மிகத் தாழ்ந்த இடத்தில் சேரும். அங்கே இருக்கும் 12 வோல்ற் மின்பம்பி அந்த நீரை வெளியேற்றுகிறது. நீர் உயர்ந்ததும் மிதவைச் சுவிச் மேலெழுந்து, பம்பியைத் தானாக இயக்கும்.

பழுது எங்கே இருந்தது?

மூத்த தொழிலாளியிடம் காட்டும்படி கேட்டபோது, “உனக்கேன் பிள்ளை இந்த எண்ணெய் வேலை?” என்றார். “காசு நான்தானே ஐயா குடுக்கிறன், ஒருக்காக் காட்டுங்கோ” என்று சொல்லி அக்கா படகில் இறங்கினார். நானும் இறங்கினேன்.

பம்பியின் அடிச்சல்லடையில் நைலோன் நூலும் மீன்செதிலும் அடைத்திருந்தன. உள்ளே சுழலும் சிறு சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்திருந்தன. ஆகவே பம்பி பழுது என்பது உண்மையே. ஆனால் ஐயா வயரைத் தூக்கியபோது வேறொன்றும் தெரிந்தது. முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு, அடித்தண்ணீருக்குள்ளேயே கிடந்து பச்சை பூத்திருந்தது. அப்படியான இணைப்பினூடாகப் பம்பிக்குப் போதிய மின்சாரம் போகாது. புதிய பம்பியும் மெதுவாகத்தான் சுற்றும். அதைவிட மோசம், பற்றரிப் பக்கத்தில் பியூசுக்குப் பதிலாகச் செப்புக்கம்பி கட்டப்பட்டிருந்தது. சக்கரம் நூலில் சிக்கி நின்றால் வயர் சூடேறும். நடுக்கடலில் தீப்பிடித்தால் மூன்று குடும்பங்களின் கதி என்ன?

எவரும் ஏமாற்றவில்லை. பம்பியை மாற்றினார்கள்; காரணத்தை மாற்றவில்லை.

மாற்றிய முறை

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றினோம். எந்த வயர் எதனோடு சேர்ந்திருந்தது என்பதை அக்கா கொப்பியில் வரைந்துகொண்டார். சிலவகைப் பம்பிகளில் தானியங்கி வேலைக்கு ஒரு வயரும் கைச்சுவிச்சுக்கு இன்னொரு வயரும் இருக்கும். நிறத்தை ஊகிக்காமல், கூடவரும் துண்டுத்தாளைப் பார்க்க வேண்டும்.

அதே வகைப் பம்பியை வாங்கியதால் பழைய அடித்தட்டிலேயே அது பொருந்தியது. படகின் அடியில் புதிய ஆணித்துளை போட வேண்டியிருக்கவில்லை. வயர் இணைப்புகளை நீர் எட்டாத உயரத்தில் வைத்து, சூடேற்றினால் சுருங்கி ஒட்டும் உறையால் மூடினோம். துண்டுத்தாளில் சொல்லப்பட்ட அளவான பியூசைப் பற்றரிக்கு அருகே போட்டோம். நீர்க்குழாய் எங்கும் தொய்யாமல் மேல்நோக்கியே போக வேண்டும். அதன் வெளிவாய், படகு பாரமேற்றி நிற்கும்போதும் கடல்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடல்நீர் அதே வழியால் உள்ளே வந்துவிடலாம்.

கடைசியில் அக்காவே வாளியால் தண்ணீர் ஊற்றினார். மிதவை எழுந்தது, நீர் பாய்ந்தது. மோட்டர் சுற்றியும் நீர் குறைவாக வந்தால், வயர்கள் மாறி, அது எதிர்ப்புறமாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என ஐயா சொல்லித்தந்தார்.

மறக்கக்கூடாதவை

பம்பி இருக்கிறதென்று வாளியைக் கரையில் விடக்கூடாது. நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஓரங்குலத் துளை விழுந்தால், நிமிடத்துக்குப் பல வாளி நீர் உள்ளே வரும். சிறிய பம்பியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அத்துடன், பம்பி வழமையைவிட அடிக்கடி ஓடினால் அதைப் பாராட்ட வேண்டாம். எங்கோ கசிவு கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். சல்லடையைக் கிழமைக்கு ஒருமுறை துப்புரவு செய்யுங்கள். எண்ணெய் கலந்த நீரைக் கடலுக்குள் இறைக்காமல், எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுங்கள்.

இப்போது அக்காவின் கொப்பியில் பம்பி மாற்றிய திகதி இருக்கிறது. கிழமைதோறும் சல்லடை பார்த்த திகதியும் இருக்கிறது. “இப்ப செலவு எண்டு சொன்னா, எங்க, ஏன் எண்டு கேக்கிறன். அவையும் கோவிக்கிறேல்ல” என்கிறார் அவர். ஐயாவோ, “பிள்ளை பாத்தபடியால்தான் அந்தக் கம்பி தெரிஞ்சுது” என்று மற்றவர்களுக்கும் சொல்கிறார்.

உங்கள் பெயரில் உள்ள எதுவானாலும், இந்த மாதம் ஒருமுறை அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பது சந்தேகப்படுவதல்ல. அது உங்கள் உரிமை. உங்களை நம்பிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் கடமையும்கூட.